திருமண நிலையம்

இரண்டு எழுத்து கூடிப்போயிற்று.
திருமண நிலை என்று கேட்கவேண்டிய இடத்தில்
திருமண நிலையம் என்று கேட்டது பெட்டி.
கீழே நான்கு மேடைகள்:
ஆகாதவர், ஆனவர், இழந்தவர், முறித்தவர்.
ஒன்றில் மட்டும் இறங்கலாம்.

வெள்ளவத்தை, கடலுக்குப் போகும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி, இரவு பத்தேகால்.
காலி நோக்கிப் போன ரயில் எங்கள் ஊரில் நிற்காமல்
ஜன்னல் கண்ணாடிகளை அதிரவிட்டுப் போனது.
கொடுப்பனவு கணிக்கும் இந்தப் பக்கத்தை
கந்தோரில் ஷிபானா அனுப்பியிருந்தாள்.
"சும்மா அடிச்சுப் பாருங்க அக்கா, காசா பணமா?"

சம்பளம் போட்டேன். வாடகை போட்டேன்.
மகள் ஒன்று, வயது ஒன்பது, மூக்குக்கண்ணாடி உடைந்து
பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறாள்.
அதற்குப் பெட்டி இல்லை.

ஆனவர் என்று அழுத்தினேன். சட்டப்படி அதுதானே.
உடனே இன்னொரு பெட்டி விரிந்தது:
துணைவரின் மாத வருமானம்.
அருள்நேசனின் சம்பளத்தை நான் கடைசியாகக் கண்டது
அவனுடைய சட்டத்தரணியின் கடிதத்தில்.
அந்தத் தொகையையே போட்டேன்.
இரண்டு பேர் காசையும் ஒரே சட்டிக்குள் ஊற்றிக் கிளறிவிட்டு
கணிப்பான் சொன்னது: நீங்கள் தகுதியற்றவர்.
பதினான்கு மாதமாகக் காலியாய்க் கிடக்கும் கதிரையில்
அவன் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்,
கணக்கில் மட்டும்.

முறித்தவர் என்றால் தீர்ப்பின் இலக்கம் வேண்டுமாம்.
புதுக்கடையில் எங்களுக்குக் கிடைப்பது தவணைதான்.
மாசியில் ஒன்று, வைகாசியில் ஒன்று,
அன்றைக்கு நீதிபதி லீவு, இனி ஆவணி.

ஆகாதவர் என்றேன். ஏழாயிரத்துச் சொச்சம்.
ஆனால் மகளின் வயதுக்குப் பக்கத்தில்
ஒரு சிவப்பு நட்சத்திரம் எழும்பி நின்றது,
விளக்கம் ஏதும் சொல்லாமல்,
கீழ்வீட்டு மிஸ்ஸிஸ் தம்பிராசா படியில் நிற்பதைப்போல.

மிஞ்சியது ஒன்று.
மகள் நித்திரையா என்று எட்டிப்பார்த்தேன்.
விரல் போய், திரும்பி, பிறகும் போனது.
இழந்தவர்.

பதினோராயிரத்து அறுநூற்றைம்பது.
பச்சை எழுத்தில், வாழ்த்துச் சொல்வதுபோல.

செலவழித்தும் பார்த்தேன் அந்தக் காசை:
மூக்குக்கண்ணாடி, மின்சார நிலுவை,
தலையணை உறை இரண்டு.
இரண்டு எதற்கு என்று ஒன்றை வெட்டினேன்.
செத்தவீட்டுச் செலவு என்று ஒன்று இருப்பது
ஞாபகத்துக்கே வரவில்லை.

பத்தரைக்குப் போன் அடித்தது. அருள்நேசன்.
ஒரு கணம் எடுக்கப் பயமாக இருந்தது.
"இன்னும் படுக்கேல்லையே?" என்றான்.
தெஹிவளையில் அவன் அறையின் மின்விசிறி
கடகடப்பது கேட்டது. இருமினான்.
"தண்ணி பில் இப்பவும் என்ர பேரிலதான் வருது."
"மாத்தோணும்."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.
பிறகு, சிரிக்கிறானா இல்லையா என்று பிடிபடாத குரலில்:
"ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டியே?
வரிக் கணக்குப் பாக்கிற பக்கம் ஒண்டில
உன்னை இழந்திட்டன் எண்டு போட்டுப் பாத்தனான்."

"எவ்வளவு வந்தது?"

"பெரிசா ஒண்டும் இல்லை."

எனக்குக் கோபம் வந்தது.
கொன்றதற்கு அல்ல.
என் சாவு அவனுக்கு ஒரு கிழமைப் பாண் காசுக்கும்
பெறவில்லை என்பதற்கு.
அவனுடைய பெறுமதி, சதம் பிசகாமல்,
என் திரையில் பச்சையாய் இருந்தது.
சொல்லவில்லை.
மருந்து குடிச்சனியா என்று கேட்டேன்.
குடிச்சனான் என்றான். பொய்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால்
நெடுநேரம் அசைவில்லாததால் எல்லாம் அழிந்துவிட்டதாம்.
சம்பளம், வாடகை, மகள், நான்கு புருஷன்மார்.
பிழைகள் இருப்பின் அறிவிக்க என்று
அடியில் ஒரு முகவரி கிடந்தது.
எழுத்துப்பிழை என்று தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

இருக்கட்டும். நிலையம்தான்.
பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு
எந்தப் பக்கத்தால் வரும் என்று யாரையும் கேட்காமல்
நிற்கலாம் அங்கே, ஆவணி மட்டும்.